இணையப் போக்கரிலிருந்து நேரடி மேசைக்கு மாறுதல்

போக்கர் என்பது 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை வைத்து, பந்தயம் கட்டி ஆடப்படும் சீட்டாட்ட வகையாகும். அதன் வடிவங்களில் இன்று உலகெங்கும் பரவலாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். 1998ஆம் ஆண்டில் பணம் வைத்து ஆடும் முதல் இணையப் போக்கர் தளம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர், ஒருமுறைகூட மேசையில் உட்காராமலேயே இந்த ஆட்டத்தைக் கற்றுத் தேர்ந்த ஒரு தலைமுறை உருவாயிற்று.

அவ்வாறு பழகியவர்கள் நேரடி மேசைக்கு வரும்போது ஆட்டத்தின் விதிகள் மாறுவதில்லை. சீட்டுகளின் நிகழ்தகவும் மாறுவதில்லை. ஆயினும் இணையத்தில் நன்றாக ஆடியவர்களில் பலர் மேசையில் தடுமாறுகின்றனர். இணையத்தில் கணினி சத்தமில்லாமல் செய்து கொடுத்த வேலைகள் பல, மேசையில் ஆட்டக்காரரிடமே திரும்பி வருவதுதான் இதற்கு முதன்மையான காரணம். அந்த வேலைகள் எவை, அவற்றை எவ்வாறு கையாள வேண்டும், கவனிக்காவிட்டால் என்ன இழப்பு நேரும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டத்தின் அடிப்படை

டெக்சாஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகள் ஃப்ளாப் என்றும், நான்காவது டர்ன் என்றும், ஐந்தாவது ரிவர் என்றும் அழைக்கப்படும். தன்னிடமுள்ள இரண்டு, பொதுவான ஐந்து ஆகிய ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவர் வெல்கிறார்.

சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும். தன் முறை வரும்போது ஒருவர் விலகலாம், மற்றவர் வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், அல்லது தொகையை உயர்த்தலாம். நடுவில் சேரும் தொகை பாட் எனப்படும். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகள் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் எனப்படும். 1–2 டாலர் மேசை என்றால் சிறிய பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 2 டாலர் என்பது பொருள். சீட்டு போட்டது முதல் பாட் ஒருவரிடம் சேரும் வரை நடப்பதை ஒரு ‘கை’ என்பர்.

வரலாற்றுப் பின்னணி

இணையத்திலிருந்து மேசைக்கு வந்தவர்களில் மிகவும் அறியப்பட்டவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். இவர் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நடந்த சிறு கட்டணத் தகுதிப் போட்டி வழியாக, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இடம் பெற்றார். லாஸ் வேகாசில் நடந்த அப்போட்டியில் 839 பேர் கலந்து கொண்டனர். மணிமேக்கர் வென்று 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு போட்டியாளர் எண்ணிக்கை 2,576 ஆகவும், 2006இல் 8,773 ஆகவும் உயர்ந்தது.

இறுதியில் அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர் சாமி ஃபர்ஹா என்னும் அனுபவமிக்க நேரடி ஆட்டக்காரர். ஒரு கையில் ஃபர்ஹாவிடம் ஒன்பது சோடி இருந்தது. மணிமேக்கரிடம் சோடி ஏதும் இல்லை. அவர் எதிர்பார்த்திருந்த இஸ்பேட் வரவில்லை. இருந்தும் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டு, தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபர்ஹா நீண்ட நேரம் யோசித்துவிட்டு விலகினார். அனுபவமுள்ளவரின் முகத்தை வாசிக்கும் திறன் புதியவருக்கு உடனே வராது. தன் முகத்தில் எதையும் காட்டாதிருப்பதை அவர் உடனே கைக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நார்வேயின் அன்னெட் ஓப்ரெஸ்டாட் 2007இல் இலண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடர் ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியை வென்றபோது, அவருடைய 19ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் மீதமிருந்தது. லாஸ் வேகாசில் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயது 21 என்பதால், அவர் அங்குள்ள மேசைகளில் அப்போது உட்காரவே முடியாது. இணையத்தில் 180 பேர் ஆடிய ஒரு சிறு போட்டியை, தன் சீட்டுகளை ஒரே ஒருமுறை தவிரப் பார்க்காமலேயே அவர் வென்றதும் பலரும் பேசிய செய்தி. தன் சீட்டைவிட, தான் அமர்ந்த இடமும் எதிராளிகளின் போக்கும் ஆட்டத்தைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை அது காட்டியது.

இவை விரும்பி நடந்த மாற்றங்கள். 2011 ஏப்ரல் 15 அன்று நடந்தது கட்டாய மாற்றம். அமெரிக்க நீதித்துறை அன்று போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய தளங்களின் முகவரிகளைக் கைப்பற்றியது. போக்கர் உலகில் இந்நாள் கருப்பு வெள்ளி என அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் இணைய ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் வெளிநாடு செல்லவோ, கேசினோ மேசைகளில் உட்காரவோ, வேறு வேலை தேடவோ வேண்டியதாயிற்று. ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014இல்தான்.

வென்றவர்களின் கதைகளே பெரிதும் பேசப்படுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2003 போட்டியில் மணிமேக்கர் ஒருவர் வென்றார். மற்ற 838 பேர் வெல்லவில்லை.

வேகத்தில் உள்ள வேறுபாடு

இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கைகள் நடக்கும். ஒருவர் நான்கு மேசைகளைத் திறந்து வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 280 கைகள் ஆடலாம். நேரடி மேசையில் சீட்டைக் கலைத்து, போட்டு, சிப்புகளை எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு 25 முதல் 35 கைகளே நடக்கும்.

இதன் முதல் விளைவு சலிப்பு. நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலான கைகளில் தொடக்கத்திலேயே விலகிவிடுவார். இணையத்தில் அடுத்த சீட்டு சில நொடிகளில் வந்துவிடும். மேசையிலோ நாற்பது நிமிடம் ஒன்றுமே ஆடாமல் உட்கார்ந்திருக்க நேரலாம். அப்போது கை துறுதுறுக்கும். விலக வேண்டிய சீட்டும் ஆடத் தகுந்ததாகத் தெரியும். இணையத்திலிருந்து வருபவர் முதல் சில வாரங்களில் இழக்கும் பணத்தில் ஒரு பகுதி எதிராளியின் திறமையால் போவதன்று, இந்தச் சலிப்பால் போவது.

தான் ஆடாத கைகளையும் கவனிப்பதே இதற்கு மருந்து. யார் எந்தச் சீட்டைக் காட்டினார், அதை முன்பு எவ்வளவு பந்தயம் வைத்து ஆடினார் என்று மனத்தில் குறித்துக்கொண்டால், காத்திருக்கும் நேரம் பயனுள்ள நேரமாகிறது.

கணினி செய்த வேலைகள்

இணையத்தில் பாட் எவ்வளவு, எதிராளியிடம் எவ்வளவு மீதம், யாருடைய முறை என்பன எல்லாம் திரையில் எழுதியிருக்கும். எதிராளிகளின் பழைய ஆட்டங்களைத் தொகுத்து, அவர் எத்தனை விழுக்காடு கைகளில் நுழைகிறார் என்பதை அவர் பெயருக்கு அருகிலேயே காட்டும் மென்பொருள்களும் உண்டு. மேசையில் இவை எதுவும் இல்லை.

பாட்டைக் கணக்கிடுவது பழகினால் எளிது. 1–2 டாலர் மேசையில் ஒருவர் 10 டாலருக்கு உயர்த்துகிறார். பின்னால் இருவர் சமமாக வைக்கின்றனர். பிளைண்ட் வைத்த இருவரும் விலகுகின்றனர் எனக் கொள்வோம். பாட்டில் 30 டாலரும், பிளைண்ட் 3 டாலரும் சேர்ந்து 33 டாலர் உள்ளது. ஃப்ளாப்புக்குப் பின் ஒருவர் 20 வைத்து, ஒருவர் சமமாக வைத்தால் 73 டாலர். ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வாறு கூட்டிக்கொண்டே வந்தால், முடிவெடுக்கும் நேரத்தில் தடுமாற்றம் இராது. தான் ஆடாத கைகளிலும் இதைச் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

தவறான நடவடிக்கைகளையும் கணினி தடுத்துவிடும். தன் முறை வராமல் ஒருவர் பொத்தானை அழுத்த முடியாது. மேசையில் அந்தத் தடை இல்லை. எனவே சில விதிகளை முன்பே அறிந்திருக்க வேண்டும். போட்டிகளுக்கான விதிகளை ஒரே சீராக்கும் நோக்குடன் 2001இல் போட்டி இயக்குநர்கள் சங்கம் ஒன்று அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆயினும் சில்லறை விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், உட்காரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான இடங்களில் காணப்படும் விதிகள் பின்வருமாறு:

1. வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். தன் முறையில் "உயர்த்துகிறேன்" என்று சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது.

2. ஒரே சிப்பைப் பேசாமல் வைத்தால் அது சமமாக வைத்ததாகவே கொள்ளப்படும். எதிராளி 10 டாலர் வைத்திருக்கும்போது, உயர்த்தும் எண்ணத்தில் 25 டாலர் சிப் ஒன்றை வாய் திறக்காமல் வைப்பவருக்கு 15 டாலர் திருப்பித் தரப்படும்.

3. தொகையை அறிவிக்காமல், தவணை தவணையாகச் சிப்புகளை எடுத்து வைக்கக் கூடாது. முதலில் வைத்த தொகை மட்டுமே கணக்கில் வரும்.

4. தன் சீட்டைக் காப்பது தன் பொறுப்பு. காப்பில்லாமல் கிடக்கும் சீட்டை, விலகியவரின் சீட்டு என்று எண்ணிச் சீட்டு போடுபவர் எடுத்துவிடக்கூடும். அதனால் பலர் சீட்டின்மேல் ஒரு சிப்பையோ சிறு பொருளையோ வைத்துக்கொள்கின்றனர்.

5. முறை தவறி விலகுவதும் பந்தயம் வைப்பதும் மற்றவருக்குத் தகவல் தருவதாகும். எனவே தனக்கு முன்னால் இருப்பவர்கள் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பேசுவதற்கும் வைப்பதற்கும் குழப்பமில்லாத வழி ஒன்று உண்டு. முதலில் தொகையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன் பின்னரே சிப்புகளை எடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கமே மேற்சொன்ன தவறுகளில் பாதியைத் தவிர்க்கும்.

எதிராளிகளின் ஆட்டப் போக்கு

குறைந்த தொகை மேசைகளில், நேரடி ஆட்டக்காரர்கள் இணையத்தில் உள்ளவர்களைவிட அதிகக் கைகளில் நுழைகின்றனர். பெரிய பிளைண்டுக்குச் சமமாக வைத்து உள்ளே வந்து, ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்பது அவர்களின் வழக்கம். பொழுதுபோக்க வந்தவர்கள் விலகுவதற்காக வருவதில்லை.

இணையத்தில் பெரிய பிளைண்டைப்போல் இரண்டரை மடங்குக்கு உயர்த்துவது இயல்பு. 1–2 டாலர் மேசையில் அதே கணக்கில் 5 டாலர் வைத்தால், ஐந்து பேர் உள்ளே வந்துவிடலாம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் ஏதோ இரு சீட்டு உள்ள ஒருவரை எதிர்த்தால் நூற்றுக்கு 85 முறை வெல்வார். அத்தகைய ஐந்து பேரை எதிர்த்தால் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் நேரடி மேசைகளில் தொடக்க உயர்வு பெரிய பிளைண்டைப்போல் நான்கு, ஐந்து, ஆறு மடங்கு என்று பெரிதாக இருக்கிறது.

இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டும் ஏய்ப்புப் பந்தயமும் மறுகணக்குக்கு உரியது. 60 டாலர் பாட்டில் 30 டாலர் வைத்து ஏய்க்க முயன்றால், மூன்றில் ஒரு முறையாவது எதிராளி விலகினால்தான் நட்டமில்லை. சோடி கிடைத்தால் இறுதிவரை விடாத ஒருவர் எதிரே இருக்கும்போது அந்த விகிதம் கிடைக்காது. இணையத்தில் திறமையாகக் கருதப்பட்ட அதே பந்தயம் இங்கே வீண்செலவாகும். அதே எதிராளியிடம், நல்ல சீட்டு வந்தபோது சற்றுப் பெரிய தொகையாக வைத்தால் அவர் கொடுப்பார். மேசை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப ஆட வேண்டும். தான் படித்த பாடத்தின்படி மேசை இருக்கும் என எதிர்பார்ப்பது தவறு.

உடல்மொழி

மைக் காரோ 1984இல் வெளியிட்ட நூல், போக்கர் மேசை உடல்மொழியை முறையாகத் தொகுத்த முன்னோடி நூல்களில் ஒன்று. பலவீனமான சீட்டு உள்ளவர் துணிச்சல் காட்டுவதும், வலிமையான சீட்டு உள்ளவர் அலுத்துக்கொள்வதும் இயல்பு என்பது அவர் வலியுறுத்திய கருத்து.

2013இல் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் மைக்கேல் ஸ்லெப்பியனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, சீட்டு எவ்வளவு நல்லது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் பலிக்கவில்லை. சிப்புகளைத் தள்ளும் புயங்களின் அசைவை மட்டும் பார்த்தவர்களோ, குருட்டு ஊகத்தைவிடச் சற்று நன்றாகவே கணித்தனர். முகத்தைக் கட்டுப்படுத்தப் பழகியவர்கள் கையசைவை மறந்துவிடுகின்றனர் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இருந்தாலும், புதியவர் உடல்மொழியை நம்பிப் பெரிய முடிவுகளை எடுப்பது ஆபத்து. கை நடுங்குவது பயத்தாலும் இருக்கலாம், நல்ல சீட்டு வந்த பரபரப்பாலும் இருக்கலாம். எவ்வளவு வைத்தார், எந்தக் கட்டத்தில் வைத்தார் என்பதே முதன்மையான சான்று. உடல்மொழி துணைச்சான்று மட்டுமே. தன்னளவில், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் எடுத்து, ஒரே விதமாகச் சிப்புகளை வைப்பது போதுமான தற்காப்பு.

செலவுக் கணக்கு

கேசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இது ரேக் எனப்படும். 1–2 டாலர் மேசையில் ஒன்பது பேர் ஆட, மணிக்கு 30 கைகள் நடந்து, ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 டாலர் ரேக் போவதாகக் கொள்வோம். மணிக்கு 90 டாலர் ஆகிறது. அமெரிக்க வழக்கப்படி வென்றவர் சீட்டு போடுபவருக்கு ஒரு டாலர் அன்பளிப்பு தருவது 18 முறை நடந்தால், மொத்தம் 108 டாலர் மேசையை விட்டு வெளியேறுகிறது. ஒருவர் பங்குக்கு 12 டாலர், அதாவது மணிக்கு ஆறு பெரிய பிளைண்ட். சராசரி ஆட்டக்காரர் இந்தத் தொகையை ஒவ்வொரு மணியும் இழந்துகொண்டிருக்கிறார். பயணம், உணவு, தங்குமிடம் ஆகியன இதற்கு மேல்.

பதிவும் தன்னை ஏமாற்றிக்கொள்ளுதலும்

கணினி செய்து வந்த வேலைகளில் கவனத்துக்கே வராமல் மறைந்துபோவது ஒன்று உண்டு. அது கணக்கு வைப்பது. இணையத் தளம் ஒவ்வொரு கையையும் பதிவு செய்யும். வரவு செலவை மறைக்க முடியாது. மேசையில் ஆட்டம் முடிந்ததும் நினைவு மட்டுமே மிஞ்சும். நினைவு வென்ற நாட்களைப் பெரிதாகவும், தோற்ற நாட்களைத் துரதிர்ஷ்டமாகவும் எழுதி வைக்கும்.

பதிவு வைத்திருந்தாலும் அதைச் சரியாக வாசிக்க வேண்டும். நூறு கைகளுக்கு வெற்றி தோல்வியின் திட்ட விலக்கம் 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை இருப்பது வழக்கம். 90 என்று கொள்வோம். வாரம் 6 மணி நேரம் ஆடுபவர் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 300 மணி நேரம், அதாவது 9,000 கைகள் ஆடுவார். இது நூறு கைகள் கொண்ட 90 தொகுதிகள். 90ஐ 90இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 850 பெரிய பிளைண்ட், அதாவது 1–2 டாலர் மேசையில் 1,700 டாலர் வருகிறது.

இதன் பொருள் என்ன? நீண்ட காலத்தில் இலாபமோ நட்டமோ இல்லாத ஒருவரும், ஆறில் ஒரு வாய்ப்பில் அந்த ஆண்டு முடிவில் 1,700 டாலருக்கு மேல் இலாபத்தில் இருப்பார். தான் திறமைசாலி என்று அவர் நம்புவது இயல்பே. அந்த நம்பிக்கையில் பெரிய தொகை மேசைக்கு மாறுவதும், வேலையை விடுவதும் நடக்கிறது. இதே 9,000 கைகளை நான்கு இணைய மேசைகளில் ஏறத்தாழ 32 மணி நேரத்தில் ஆடிவிடலாம். இணையத்தில் சில மாதங்களில் தெரியவரும் உண்மை, மேசையில் தெரியவர ஆண்டுகள் ஆகும்.

எனவே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த நேரம், கொண்டு சென்ற தொகை, திரும்பக் கொண்டுவந்த தொகை, செலவு ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பது இன்றியமையாதது. இழந்தால் வாழ்க்கையைப் பாதிக்கும் பணத்தை மேசைக்குக் கொண்டு செல்லக் கூடாது. ஒரு நாளில் எவ்வளவு இழந்தால் எழுந்துவிடுவது என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சிப்புகள் பணம்போல் தோன்றாது என்பதால், தோற்றுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவை நம்ப முடியாது.

இந்தியாவில் சட்ட நிலை

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தால் நேர்ந்த பண இழப்பும் தற்கொலைகளும் பெரும் விவாதமானதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்த ஆட்டங்களாகச் சேர்த்த பட்டியலை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை சார்ந்ததா வாய்ப்பு சார்ந்ததா என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. நேரடிச் சூதாட்டம் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. கோவாவில் உரிமம் பெற்ற கேசினோக்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு அனுமதி இல்லை.

முடிவுரை

இணையத்தில் கற்ற நிகழ்தகவுக் கணக்கும் பொறுமையும் நேரடி மேசையிலும் பயன் தருபவையே. கூடுதலாகத் தேவைப்படுவது, கணினி இதுவரை செய்து வந்ததைத் தானே செய்வது: பாட்டை எண்ணுதல், முறை காத்தல், எதிராளியைக் கவனித்தல், வரவு செலவை எழுதுதல். இவற்றில் முதல் மூன்றும் சில வாரங்களில் பழகிவிடும். நான்காவதைப் பழகாதவர் தான் வெல்கிறாரா தோற்கிறாரா என்பதையே அறியாமல் பல ஆண்டுகள் ஆடிக்கொண்டிருக்கக்கூடும்.